வலிக்கு ராகப் பட்டியல் உதவாது

இசை கேட்கும்போது வலி குறைவாகத் தெரிகிறது என்பது பல நாடுகளில், பல முறை சோதித்துப் பார்க்கப்பட்ட செய்தி. இன்ன வலிக்கு இன்ன ராகம் மருந்து என்பது அப்படிச் சோதனையில் தேறிய செய்தி அல்ல. ஆனாலும் தமிழ்நாட்டில் முதலாவதை விட இரண்டாவதுதான் அதிகம் புழங்குகிறது. ஆனந்தபைரவி இரத்த அழுத்தத்தைத் தணிக்கும், நீலாம்பரி தூக்கம் தரும், ஸ்ரீராகம் செரிமானத்துக்கு நல்லது, தர்பாரி கானடா தலைவலியைப் போக்கும் என்று வார இதழ்களின் துணுக்குகளில் வந்துகொண்டிருந்த பட்டியல், இப்போது கைப்பேசிக் காணொளிகளில் மூட்டுவலி, முதுகுவலி, பிரசவ வலி வரை நீண்டுவிட்டது. குன்னக்குடி வைத்தியநாதன் போன்ற பெரிய வித்வான்களே ராக ஆராய்ச்சி மையத்தின் வழியாக இதில் ஈடுபாடு காட்டியதால் பட்டியலுக்கு ஒரு மதிப்பும் சேர்ந்தது. மருத்துவமனைகளில் இசையைப் பற்றிப் பேச்செழுந்தால் உடனே "எந்த ராகம் போடலாம்?" என்றுதான் கேட்கிறார்கள். கேள்வியே தவறான இடத்தில் தொடங்குகிறது.

பட்டியலை முதலில் கர்நாடக இசையின் இலக்கணத்தைக் கொண்டே சோதிக்கலாம். ராகம் என்பது ஆதார ஸட்ஜத்தோடு மற்றச் சுரங்கள் கொள்ளும் உறவு. அந்தச் சுரங்களை அசைக்கும் விதம், பிடிக்கும் இடம், சஞ்சரிக்கும் வழி. ஆதார சுருதியைப் பாடுபவர் தம் குரலுக்குத் தக்கபடி வைத்துக்கொள்கிறார். ஆண் ஒருவர் ஒரு கட்டையில் பாடும் ஆனந்தபைரவியை ஒரு பெண் ஐந்து கட்டையில் பாடினால் ஒவ்வொரு சுரத்தின் அதிர்வெண்ணும் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. ராகம் மாறவில்லை, காதில் விழும் அதிர்வுகள் அத்தனையும் மாறிவிட்டன. ராகத்தின் "அதிர்வலை" உடலின் நரம்பை மீட்டி வலியை நீக்குகிறது என்ற விளக்கம் இந்த இடத்திலேயே நின்றுபோகிறது. 432 ஹெர்ட்ஸ், 528 ஹெர்ட்ஸ் என்று குறிப்பிட்ட எண்களுக்கு மருத்துவ சக்தி கற்பிக்கும் காணொளிகளையும் ராகப் பட்டியலையும் ஒரே மூச்சில் பகிர்பவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை: முதலாவதற்கு எண் நிலையாக இருக்க வேண்டும், இரண்டாவதில் எண்ணுக்கு வேலையே இல்லை.

ராகத்துக்கும் உணர்ச்சிக்கும் உள்ள முடிச்சும் பட்டியல் சொல்லுமளவுக்கு இறுக்கமானதல்ல. முகாரி என்றாலே அழுகை என்பது பொதுப்பேச்சு. ராமனைக் கண்ட சபரியின் பாக்கியத்தை வியந்து தியாகராஜர் பாடிய கீர்த்தனை அதே முகாரியில்தான் இருக்கிறது. சொல், காலப்பிரமாணம், பாடுபவரின் குரல், கேட்பவர் அந்த ராகத்தை முன்பு எங்கே எந்த நிலையில் கேட்டார் என்பது எல்லாம் சேர்ந்தே உணர்ச்சியைத் தீர்மானிக்கின்றன. திரைப்பாட்டு மட்டுமே கேட்டு வளர்ந்த ஒருவருக்கு நீலாம்பரியின் ஆலாபனை தூக்கத்தையும் தரலாம், எரிச்சலையும் தரலாம்.

பட்டியல்காரர்கள் அடுத்து எடுத்துக்காட்டுவது பழங்கதைகளை. அவற்றுள் மிகப் பழையது விழுப்புரத்துக்குத் தெற்கே, பண்ருட்டியை ஒட்டிய திருவதிகையில் நடக்கிறது. சமண மதத்தில் தருமசேனராக இருந்த மருள்நீக்கியார் சூலை நோயால் குடல் முறுக்கித் துடித்து, தமக்கை திலகவதியாரிடம் வந்து, வீரட்டானத்து இறைவன் முன் பாடி நோய் நீங்கி, நாவுக்கரசர் ஆனார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அவர் பாடிய அந்தப் பதிகம் நான்காம் திருமுறையின் முதல் பதிகம், பண் கொல்லி. இதிலிருந்து "கொல்லிப் பண் வயிற்றுவலிக்கு மருந்து" என்று முடிவு கட்டுவது சேக்கிழார் சொல்லாததைச் சேக்கிழார் தலையில் ஏற்றுவதாகும். புராணத்தில் நோயாளி இசை கேட்கவில்லை, தாமே பாடுகிறார். அதற்குமுன் தமக்கை ஐந்தெழுத்து ஓதித் திருநீறு தருகிறார், பெருமானின் கோயிலுக்குத் தாமே கூட்டிப்போகிறார். வலியைத் தந்ததும் எடுத்ததும் இறைவன் என்பதுதான் அங்கே பேச்சு. பண்ணை மருந்தாக்கினால் அந்தக் கதையில் இறைவனுக்கு இடமில்லாமல் போகிறது. பக்தர்கள் யாரும் அதை ஏற்கமாட்டார்கள்.

இரண்டாவது கதை திருவாரூரில். முத்துசுவாமி தீட்சிதரின் சீடரான சுத்தமத்தளம் தம்பியப்பனுக்குத் தீராத வயிற்றுவலி. ஜாதகத்தில் குருவின் நிலை சரியில்லை என்று கண்ட தீட்சிதர் பிருகஸ்பதி மீது அடாணா ராகத்தில் ஒரு கிருதி இயற்றிக் கொடுக்க, அதைப் பாடிவந்த சீடருக்கு வலி தீர்ந்தது என்பது செவிவழிச் செய்தி. நவக்கிரக கிருதிகள் பிறந்த வரலாறாகவே இது சொல்லப்படுகிறது. இந்தக் கதையின்படியும் வேலை செய்தது கிரக சாந்தி. அடாணா தானே வயிற்றுவலியைத் தீர்க்கும் என்றால் தீட்சிதர் புதிதாகக் கிருதி எழுத வேண்டிய தேவை என்ன? ஏற்கெனவே அடாணாவில் இருந்த ஏதாவது ஒன்றைக் கேட்கச் சொல்லியிருக்கலாம். இரண்டு கதைகளிலும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. நோயாளி பாடுகிறார், நம்பிக்கையோடு பாடுகிறார், தாம் மதிக்கும் ஒருவர் காட்டிய வழியில் பாடுகிறார். இவற்றை வெறும் கதையென்று தள்ளத் தேவையில்லை. இந்த மூன்றும் வலியுணர்வில் என்ன செய்யும் என்பதைப் பின்னால் வரும் ஆய்வுகள் காட்டுகின்றன.

கதைகளை விட வலுவானதாக எடுத்து வைக்கப்படும் சான்று கண்முன்னால் நடப்பது. விக்கிரவாண்டி, திண்டிவனம், செஞ்சி வட்டாரத்தில் ஆடி பிறந்தால் மாரியம்மன் கோயில்களில் செடல் உற்சவம். முதுகிலும் கன்னத்திலும் நாக்கிலும் அலகு குத்திக்கொள்கிறார்கள்; செடல் கொக்கியில் கயிறு கட்டித் தேர் இழுக்கிறார்கள். செஞ்சியை அடுத்த மேலச்சேரியைத் தாய்க்கோயிலாகக் கொண்ட திரௌபதி அம்மன் வழிபாட்டில் தீமிதி. மேல்மலையனூரில் அமாவாசை தோறும் நள்ளிரவு ஊஞ்சல் உற்சவத்துக்குக் கூடும் கூட்டத்தில் பம்பையும் உடுக்கையும் முழங்க அருள் வந்து ஆடுபவர்கள் பலர். பம்பைக்காரர் வர்ணிப்புப் பாடி அடியை ஏற்ற ஏற்றச் சாமி ஏறுகிறது. அந்த நேரத்தில் அலகு குத்தினால் "வலியே தெரிவதில்லை" என்று குத்திக்கொண்டவரே சொல்கிறார். இதைப் பார்த்தவர்கள் பம்பைச் சத்தம்தான் வலியை மறைக்கிறது என்று முடிவு செய்வது இயல்பு.

அந்த முடிவை எளிய கவனிப்பு ஒன்றே ஆட்டம் காணச் செய்துவிடும். அதே பம்பையை அதே தூரத்தில் நின்று கேட்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். கூட்டத்தில் ஒருவர் காலை இன்னொருவர் செருப்போடு மிதித்தால் மிதிபட்டவர் அலறத்தான் செய்கிறார். சத்தம் எல்லோர் காதிலும் ஒன்றுபோலவே விழுகிறது. வலி தாங்குபவர் காப்புக் கட்டி, நாள்கணக்கில் விரதம் இருந்து, வேண்டுதல் நிறைவேறிய நன்றியோடு, ஊர் பார்க்க, உறவினர் சூழ நிற்பவர் மட்டுமே. குத்துபவரும் பழகிய கை. தோலை இழுத்துப் பிடித்து ஒரே வீச்சில் குத்துகிறார். தீமிதியில் பௌதிகமும் கைகொடுக்கிறது: சாம்பல் படிந்த கரித்தணல் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும், ஒவ்வோர் அடியும் தணலில் படும் நேரம் ஒரு நொடிக்கும் குறைவு. தயங்கி நின்றவர்களுக்கும் தடுக்கி விழுந்தவர்களுக்கும் பம்பை எவ்வளவு ஓங்கி ஒலித்தாலும் தீப்புண் உண்டாகிறது.

"வலியே தெரிவதில்லை" என்ற பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மொரீஷியஸ் தீவில் தமிழ் வழித்தோன்றல்கள் தைப்பூசத்தில் அலகு குத்திக் காவடி எடுப்பதை மானிடவியலாளர் டிமிட்ரிஸ் சிகலாடாஸும் அவரது குழுவும் ஆராய்ந்து 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அலகு குத்திக்கொண்டவர்களிடம் வலியின் அளவைக் கேட்டுப் பதிந்தார்கள். பின் கோயிலுக்குக் காணிக்கை தரும் வாய்ப்பைக் கொடுத்து எவ்வளவு தருகிறார்கள் என்றும் பார்த்தார்கள். காவடி எடுத்தவர்கள் வலியை உணர்ந்தார்கள்; அதிக வலி என்று சொன்னவர்கள் அதிகக் காணிக்கை தந்தார்கள். வலி அழிந்துபோயிருந்தால் இந்தத் தொடர்பு கிடைத்திருக்காது. அங்கே வலிக்குப் பொருள் மாறியிருக்கிறது. தண்டனையாக வந்த வலி வேறு, நேர்த்திக்கடனாகத் தானே ஏற்ற வலி வேறு என்பதைச் செடல் குத்திக்கொண்ட எவரும் ஒப்புக்கொள்வார். பம்பை அந்தப் பொருளின் ஒரு பகுதி, முழுதும் அதுவல்ல.

வலி என்பது காயத்தின் அளவை மூளைக்கு அப்படியே தெரிவிக்கும் கம்பிச்செய்தி அல்ல என்பது மருத்துவத்துக்கும் மெதுவாகத்தான் புரிந்தது. இரண்டாம் உலகப்போரில் இத்தாலியப் போர்முனையில் பணியாற்றிய அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் ஹென்றி பீச்சர், கடும் காயம்பட்ட வீரர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் வலி மருந்து வேண்டாம் என்றதைக் கண்டு 1946இல் எழுதினார். அவர்களுக்குக் காயம் என்றால் போர்க்களத்தை விட்டு உயிரோடு வீடு திரும்புவது. அங்கே இசை ஏதும் ஒலிக்கவில்லை என்பதைப் பட்டியல்காரர்கள் கவனிக்க வேண்டும். 1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் முன்வைத்த வாயிற் கட்டுப்பாட்டுக் கோட்பாடு இதற்கு நரம்பியல் அடிப்படை தந்தது. தோலிலிருந்து வரும் வலிச் செய்தி தண்டுவடத்திலேயே தடுக்கப்படவோ கூட்டப்படவோ முடியும். அந்த வாயிலைத் திறப்பதிலும் மூடுவதிலும் மேலிருந்து மூளை அனுப்பும் கட்டளைகளுக்குப் பங்குண்டு. கவனம், பயம், எதிர்பார்ப்பு எல்லாம் அந்தக் கட்டளைகளாகக் கீழே இறங்குகின்றன. பின்னர் 1975இல் மூளை தானே சுரக்கும் மார்ஃபின் போன்ற பொருள்கள் கண்டறியப்பட்டன. 1978இல் கடைவாய்ப் பல் பிடுங்கப்பட்டவர்களிடம் நடந்த சோதனையில், வெறும் போலி மருந்தால் கிடைத்த வலி நிவாரணத்தைக்கூட மார்ஃபினை முறிக்கும் நாலாக்சோன் குறைத்துவிட்டது. நம்பிக்கை என்பது வேதிப்பொருளாகவும் வேலை செய்கிறது என்று பொருள். இசையால் வரும் ஆறுதலும் இதே வழிகளைப் பயன்படுத்திக்கொள்கிறது. அதற்கென்று தனி வாசல் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.

மெல்சாக் அந்தக் கோட்பாட்டுக்கு வருவதற்கு முன் செய்த ஒரு சோதனைதான் இந்த விவாதத்தின் மையத்தில் வைக்கப்பட வேண்டியது. தமிழில் அது அதிகம் பேசப்பட்டதில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்லலாம். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் வாலஸ் கார்ட்னர் என்ற பல் மருத்துவரும், பின்னாளில் கணினி வலையமைப்புச் சிந்தனைக்காகப் பெயர்பெற்ற ஜே. சி. ஆர். லிக்லைடரும் சேர்ந்து ஒரு கருவி செய்தார்கள். நோயாளி காதில் மாட்டும் காதொலிப்பானில் இசை வரும். பல்லைக் குடையும்போது வலி தெரிந்தால் நோயாளியே கையில் உள்ள குமிழைத் திருகி அருவி விழுவது போன்ற பேரிரைச்சலைக் கூட்டிக்கொள்ளலாம். 1960இல் 'சயன்ஸ்' இதழில் அவர்கள் தந்த அறிக்கையின்படி ஆயிரக்கணக்கான நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு வேறு மயக்க மருந்தே தேவைப்படவில்லை. கருவி சந்தைக்கு வந்தது, பல் மருத்துவர்கள் வாங்கினார்கள். ஆனால் ஒரு மருத்துவரிடம் அற்புதமாக வேலை செய்த அதே கருவி இன்னொருவரிடம் ஒன்றும் செய்யவில்லை. சில ஆண்டுகளில் அது வழக்கொழிந்தது.

1963இல் மெல்சாக்கும் இரு சக ஆய்வாளர்களும் இந்தப் புதிரை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஐஸ் தண்ணீரில் கையை வைத்திருக்கச் சொன்னார்கள். எவ்வளவு நேரம் தாங்குகிறார்கள் என்பதே அளவு. ஒரு பிரிவினருக்குப் பலத்த ஒலியும் கொடுத்து, இது வலியை வெகுவாகக் குறைக்கும் என்று அழுத்திச் சொல்லவும் செய்தார்கள். இரண்டாம் பிரிவினருக்கு ஒலி மட்டும். மூன்றாம் பிரிவினருக்கு வலி குறையும் என்ற உறுதிமொழி உண்டு, காதில் வந்ததோ உருப்படியில்லாத மெல்லிய ரீங்காரம். ஒலியும் உறுதிமொழியும் சேர்ந்து கிடைத்தவர்கள் மட்டுமே குறிப்பிடத்தக்க அளவு கூடுதல் நேரம் தாங்கினார்கள். ஒலி மட்டும் பெற்றவர்களுக்குப் பயனில்லை. பேச்சு மட்டும் பெற்றவர்களுக்கும் இல்லை. பாஸ்டன் பல் மருத்துவரின் நாற்காலியில் என்ன நடந்தது என்பது இதிலிருந்து விளங்குகிறது. நம்பிக்கையூட்டும் மருத்துவர், கவனத்தை இழுத்துப் பிடிக்கும் ஒலி, நோயாளியின் விரல் நுனியில் ஒரு குமிழ்: மூன்றும் சேர்ந்துதான் வலியைத் தாங்க வைத்தன. பம்பைக்காரரும் பூசாரியும் காப்புக் கட்டியவரும் சேர்ந்து நிற்கும் செடல் களத்தில் இதே மூன்றும் வேறு உருவில் இருக்கின்றன. ராகம் எங்கேயும் இல்லை.

இசை வலியைக் குறைக்கிறது என்ற பொதுக்கூற்று உண்மையே என்றாலும் அதன் அளவைச் சரியாகச் சொல்ல வேண்டும். காக்ரேன் அமைப்பு 2006இல் 51 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பூச்சியம் முதல் பத்து வரையிலான வலி அளவுகோலில் இசை கேட்டவர்களுக்குச் சராசரியாக அரைப் புள்ளி குறைவாக இருந்தது. அறுவைக்குப் பின் இரண்டு மணி நேரத்தில் மார்ஃபின் தேவை ஒரு மில்லிகிராம் அளவில் குறைந்திருந்தது. 2015இல் 'லான்செட்' இதழில் வந்த தொகுப்பு 73 ஆய்வுகளையும் ஏறத்தாழ 7,000 நோயாளிகளையும் கணக்கில் கொண்டு, வலியும் பதற்றமும் மருந்துத் தேவையும் குறைகின்றன என்று இன்னும் தெளிவாகக் கண்டது. மருத்துவமனையில் தங்கும் நாள்கள் மட்டும் குறையவில்லை. 2018இல் வந்த வேறொரு பெரிய தொகுப்பின் கணக்கில், நூறு மில்லிமீட்டர் அளவுகோலில் வலி சுமார் 10 மில்லிமீட்டரும் பதற்றம் 21 மில்லிமீட்டரும் குறைந்தன. பதற்றத்தில் கிடைக்கும் பயன் வலியில் கிடைப்பதை விட ஏறத்தாழ இரு மடங்கு என்பது கவனிக்கத்தக்கது. வலியிலும் ஒரு பகுதி பதற்றத்தின் வழியாகவே குறைகிறது என்று கருத இடமிருக்கிறது. இவ்வகை ஆய்வுகளில் நீங்காத ஒரு குறையும் உண்டு. மாத்திரையில் போலியைக் கலப்பதுபோல் இசையில் கலக்க முடியாது. காதில் பாட்டு ஒலிக்கிறதா இல்லையா என்பது நோயாளிக்குத் தெரியும்.

'லான்செட்' தொகுப்பின் இன்னொரு முடிவு பட்டியலுக்கு நேர் எதிரானது. எந்த இசை, எப்போது போடப்பட்டது என்பதெல்லாம் பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. செவ்வியல், மெல்லிசை, இயற்கை ஒலி என்று பலவற்றைப் பயன்படுத்திய ஆய்வுகள் அதில் இருந்தன. ஒரு குறிப்பிட்ட இசையமைப்புக்குத்தான் சக்தி என்றால் அது இங்கே தலைகாட்டியிருக்க வேண்டும்.

இந்த இடத்தில் பட்டியல்காரர்களுக்கு உதவக்கூடிய இரண்டு சான்றுகள் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையாகாது. முதலாவது, முழு மயக்கத்தில் இருப்பவர்களிடமும் இசை ஓரளவு பயன்தருகிறது என்பது. நினைவில்லாதவருக்கு நம்பிக்கையும் விருப்பமும் எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். 2020இல் ஜெர்மனியில் 385 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு இதைத் தொட்டது. அறுவையின்போது காதில் பின்னணி இசையோடு ஆறுதலான சொற்களும் ஒலித்தவர்களுக்கு, வெற்று ஒலிநாடா பொருத்தப்பட்டவர்களை விட வலி மருந்து கணிசமாகக் குறைவாகவே தேவைப்பட்டது. அங்கேயும் இசை தனியாக வரவில்லை, பாதுகாப்பாக இருக்கிறீர்கள் என்று சொல்லும் ஒரு மனிதக் குரலோடு வந்தது. மயக்கத்திலும் காது முழுதாக மூடிக்கொள்வதில்லை என்பதற்கு அது சான்றாகலாமே தவிர, ராகத்துக்குச் சான்றாகாது.

இரண்டாவது சான்று இன்னும் வலுவானது: சுண்டெலிகள். எலிக்கு வேண்டுதலும் இல்லை, ரசனையும் இல்லை. 2022இல் 'சயன்ஸ்' இதழில் சீன, அமெரிக்க ஆய்வாளர்கள், பாதத்தில் வீக்கமுண்டாக்கப்பட்ட எலிகளை ஒலி கேட்க வைத்தபோது அவற்றின் வலி உணர்வு குறைந்ததைக் காட்டினார்கள். செவிப்புறணியிலிருந்து தலாமஸுக்குச் செல்லும் நரம்புப் பாதை ஒன்றையும் அடையாளம் கண்டார்கள். இந்தச் செய்தி வெளியானதும் "இசை வலியைத் தீர்ப்பது அறிவியலில் நிரூபணம்" என்று தலைப்புகள் வந்தன. கட்டுரைக்குள் இருந்ததோ வேறு. இனிமையான பாஹ் இசை, அதையே சிதைத்துச் செய்த அபசுர வடிவம், வெறும் இரைச்சல் ஆகிய மூன்றும் எலிகளிடம் ஒரே பலனைத் தந்தன. சுற்றுப்புறச் சத்தத்தை விட ஐந்து டெசிபல் மட்டும் உயர்ந்திருந்தால்தான் பலன். அதற்கு மேல் உரக்க ஒலித்தபோது அது கிடைக்கவில்லை. ராகத்தின் பெருமைக்கு இதைவிடப் பாதகமான சான்று வேறில்லை. எலியளவில் ஒலியின் உரப்பு வேலை செய்கிறது. சுரமும் அபசுரமும் அதற்கு ஒன்றே. மனிதனிடம் சுரம் பொருட்படுவது அவனுக்கு அது ஏதோ ஒரு பொருள் தருவதால்தான்.

அந்தப் பொருளை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில்தான் பயனின் பெரும்பகுதி இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 2006இல் நடந்த குளிர்நீர்ச் சோதனைகளில், தாமே தேர்ந்த பாட்டைக் கேட்டவர்கள் வெறும் இரைச்சலைக் கேட்டவர்களை விட அதிக நேரம் தாங்கினார்கள். அயர்லாந்து ஆய்வாளர் கிளேர் ஹவ்லினும் சகாக்களும் 2022இல் வெளியிட்ட சோதனை இதை இன்னும் கூர்மையாகக் காட்டியது. உடல்வலியோடு இருந்த 286 பேருக்கு ஒரே புதுப் பாட்டின் ஏதோ ஒரு வடிவம் கொடுக்கப்பட்டது. அதில் ஒரு பகுதியினரிடம் மட்டும், அந்த இசையை அவர்களே தேர்ந்ததுபோல் தோன்றும்படி செய்தார்கள். தேர்ந்தது தாமே என்று எண்ணியவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. காதில் விழுந்த ஒலியில் அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வேறுபாடே இல்லை. கார்ட்னரின் கருவியில் இருந்த குமிழுக்கு அறுபது ஆண்டுக்குப் பின் கிடைத்த விளக்கம் என்று இதைச் சொல்லலாம்.

கேட்பதை விடப் பாடுவதும் ஆடுவதும் வலுவானவை என்பதும் பட்டியல் கண்டுகொள்ளாத செய்தி. ஆக்ஸ்ஃபோர்டில் ராபின் டன்பர் குழு 2012இல் வெளியிட்ட சோதனைகளில், பாடியவர்களும் கொட்டியவர்களும் ஆடியவர்களும் வலி தாங்கும் அளவில் உயர்ந்தார்கள். இசையை உட்கார்ந்து கேட்டவர்கள் உயரவில்லை. அதே பல்கலைக்கழகத்தின் படகுக்குழுவினர் தனித்தனியே துடுப்புப் பயிற்சி செய்தபோது இருந்ததை விட, ஒருசேரச் செய்தபோது வலி தாங்கும் திறன் கூடியிருந்ததை 2010இல் மற்றோர் ஆய்வு கண்டது. இங்கே இசையே இல்லை, சேர்ந்து அசையும் தாளம் மட்டுமே. ஏற்றம் இறைத்தவர்களும் நடவு நட்டவர்களும் பாட்டில்லாமல் வேலை செய்யாததற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைப்பது கடினம். விக்கிரவாண்டிப் பக்கத்து வயலில் நாள் முழுதும் குனிந்து நாற்று நடும் பெண்களின் இடுப்புவலிக்கு நடவுப்பாட்டு செய்த உதவி, அது எந்தப் பண்ணில் இருந்தது என்பதால் வந்ததல்ல. ஒருத்தி எடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடி, கையும் காலும் ஒன்றாக நகர்ந்ததால் வந்தது. நாவுக்கரசரும் தம்பியப்பனும் பாடியவர்கள் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். கேட்டுக் குணமானதாக அந்தக் கதைகள் சொல்லவே இல்லை.

இந்தப் பட்டியலால் யாருக்கு என்ன நட்டம், கேட்டுவிட்டுப் போகட்டுமே என்பது மிதவாதிகளின் சமாதானம். நட்டம் இரண்டு விதம். முதலாவது, வலியைக் குறைப்பதற்கும் வலியின் காரணத்தை நீக்குவதற்கும் உள்ள கோடு அழிகிறது. நெஞ்சுவலிக்கும் குடல்வால் அழற்சிக்கும் ராகம் தேடிக் கழியும் மணிநேரங்கள் உயிரைப் பறிப்பவை. இரண்டாவது, இந்தியாவில் புற்றுநோய் முற்றியவர்களுக்கு மார்ஃபின் கிடைப்பதே பெரும்பாடு. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிகளால் மருத்துவர்கள் அதைக் கையாளவே அஞ்சிய காலம் நீண்டது; 2014இல் சட்டம் திருத்தப்பட்டு நடைமுறை எளிதாக்கப்பட்ட பின்னும் எல்லா ஊர்களுக்கும் அது போய்ச் சேரவில்லை. பத்துக்கு அரைப் புள்ளி குறைக்கும் ஒன்றை "பக்க விளைவில்லாத வலி நிவாரணி" என்று கொண்டாடுவது, மார்ஃபின் தர வேண்டிய பொறுப்பில் இருப்பவர்களுக்கு நல்ல சாக்காகிவிடுகிறது. இசை மருந்தின் கூட வரலாம். மருந்தின் இடத்துக்கு வர முடியாது. மேலே சொன்ன ஆய்வுகளில் நோயாளிகளிடம் நடந்தவை பெரும்பாலும் இசையை வழக்கமான மருத்துவத்தோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தவையே.

விக்கிரவாண்டிக்கு அடுத்த முண்டியம்பாக்கத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற ஓர் இடத்தில் இதைப் பயன்படுத்த நினைத்தால், ஆய்வுகள் காட்டும் வழி எளிது, செலவும் குறைவு. புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது, தையல் பிரிக்கும்போது, அறுவைக்கு முந்தைய காத்திருப்பில், சிசேரியனுக்குப் பிந்தைய மணிநேரங்களில், நோயாளியின் கைப்பேசியில் அவருக்குப் பிடித்ததை அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி வைத்துக்கொள்ள விடுவது. அது இளையராஜாவாக இருக்கலாம், கானாவாக இருக்கலாம், மேல்மலையனூர் அம்மன் பாட்டாக இருக்கலாம், பள்ளிவாசல் ஓதலாகவோ மாதா கோவில் கீர்த்தனையாகவோ இருக்கலாம். பாட்டே வேண்டாம் என்பவருக்குப் பாட்டு வைக்கக் கூடாது. ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் நிறுத்தவும் அவர் கையிலேயே விட வேண்டும். வலி மருந்தின் நேரம் தவறக் கூடாது. கட்டு மாற்றும் செவிலியர் "இதைக் கேட்டுக்கொண்டிருங்கள், கொஞ்சம் இலேசாக இருக்கும்" என்று ஒரு வாக்கியம் சொல்வது, மெல்சாக்கின் சோதனையை வைத்துப் பார்த்தால், பாட்டுக்கு இணையான மருந்து.

இதற்கு நேர் மாறான யோசனைதான் அடிக்கடி எழுகிறது: வார்டு முழுவதற்கும் ஒலிபெருக்கி கட்டி, காலையில் ஒரு ராகம், மாலையில் ஒரு ராகம் என்று அட்டவணை போட்டு ஒலிபரப்புவது. நாற்பது படுக்கைக்கு ஒரே பாட்டு என்றால் தேர்வு போயிற்று, குமிழ் போயிற்று. ஒருவர் விரும்பிக் கேட்பது பக்கத்துப் படுக்கைக்காரரின் தூக்கத்தைக் கெடுக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் மருத்துவமனையைச் சுற்றி நூறு மீட்டரை அமைதி மண்டலமாக்கி, பகலில் 50, இரவில் 40 டெசிபல் என்று வரம்பு கட்டியிருக்கின்றன. சாதாரணப் பேச்சே அந்தப் பகல் வரம்பைத் தாண்டிவிடும். அந்த வரம்புக்குள் ஒரு வார்டு முழுவதும் கேட்கும்படி ஆனந்தபைரவியை ஒலிபரப்ப முடியாது.